ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிகளுக்குப் பொருந்தாது

ஜூன் 9
பள்ளிக்கூடம், மதிய இடைவேளை

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனைப் பட்டென்று வைத்தவள் நான்தான். அதற்கு வருத்தம் தெரிவிக்க இதை எழுதவில்லை. போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். மகளுக்குப் பல் விழுந்தது, உனக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போவாய். கடைசியில் நான் என்ன கேட்டேன் என்பதே எனக்கு மறந்துபோகும். காகிதத்தில் கேட்டால் காகிதத்தில் பதில் சொல்லியாக வேண்டும். கேட்கிறேன். அந்த மசோதாவை எழுதியது நீயா?

பத்திரிகையில் முழுசாகப் போட்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பை வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டுப் படித்தேன். அரசு ஊழியரோ அரசுப் பள்ளி ஆசிரியரோ வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால், அன்றைக்கே அவர் தாமாகப் பணியிலிருந்து விலகியதாகக் கருதப்படுவாராம். அவர்கள் யாரையும் நீக்க மாட்டார்களாம், நாங்களே போய்விட்டதாகக் கருதிக்கொள்வார்களாம். பிடித்துத் தள்ளிவிட்டு 'நீயே விழுந்தாய்' என்று சொல்கிற இந்தச் சாமர்த்தியம் எனக்குத் தெரிந்து ஒருத்தனுக்குத்தான் உண்டு. சின்ன வயதில் டம்ளரை உடைத்துவிட்டு "டம்ளர் விழுந்திடுச்சு" என்றுதானே வந்து நிற்பாய்.

எங்கள் பள்ளிக்கூடத்தை நீ பார்த்திருக்கிறாய். ஒரே அறை. நாலு சுவருக்கு நாலு வகுப்பு உட்கார்ந்திருக்கும், ஐந்தாம் வகுப்பு என் மேசையைச் சுற்றி. நான் சேர்ந்தபோது மூன்று பேர் இருந்தோம். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருத்தி மாற்றலாகிப் போனாள். அந்த இடங்களுக்கு இன்றுவரை ஆள் வரவில்லை. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போதே மூன்றாம் வகுப்பில் எவன் எவனைக் கிள்ளுகிறான் என்று முதுகால் பார்க்கப் பழகிவிட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுதான். காலியிடங்களை நிரப்புங்கள் என்று கேட்டோம். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு உங்கள் ஆட்கள் கொடுக்கிற பதில் இந்த மசோதா.

திங்கட்கிழமை வேலைநிறுத்தம் தொடங்குகிறது. எங்கள் கிளைச் சங்கத்துக்கு நான் செயலாளர். தயங்கினவர்களை வீடு வீடாகப் போய்ப் பேசிச் சேர்த்தது நானும் கணக்கும்தான். பெரிய பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரைச் சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அவள் 'கணக்கு'. படுத்த படுக்கையாக இருக்கிற அப்பாவை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறாள். "அப்பாவை நெனச்சா பயமா இருக்குக்கா. நீ வர்றேன்னா நானும் வர்றேன்" என்றாள். நான் வருகிறேன் என்று கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

நீதான் எழுதினாய் என்றால் சொல்லிவிடு. பூசி மெழுகாதே.

அக்கா


ஜூன் 14
அலுவலகம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம்

அக்கா,

உன் கடிதத்தை வீட்டில் வைக்கப் பயந்து பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். என் வீட்டுக்காரி பார்த்தால், "போன் இருக்கும்போது அக்காவும் தம்பியும் லெட்டர் போட்டுக்கிறீங்களா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

நான்தான் எழுதினேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. எங்கள் வரைவுப் பிரிவுக்கு மேலே இருந்து ஒரு குறிப்பு வரும். அரைப் பக்கம்கூட இருக்காது. அதைப் பிரிவு பிரிவாகச் சட்ட மொழியில் விரித்துக் கொடுப்பதுதான் என் வேலை. எழுதி முடித்தபின் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் பிரதியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். புள்ளி, கமா, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த மசோதாவை நான் படித்தேன், மேலதிகாரி ஒத்துப் பார்த்தார். முடிக்கும்போது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. என்ன படித்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். நடுவில் உன் பெயரே வந்திருந்தால்கூட, கமா போட்டுத் தாண்டிப் போயிருப்பேன்.

நான் எழுதாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் எழுதியிருப்பார். சப்பைக்கட்டு என்பாய். சரி, சப்பைக்கட்டுதான். ஆனால் நானும் அரசு ஊழியன் அக்கா. நாளைக்கு எங்கள் பிரிவில் யாராவது பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தால், நான் எழுதின வாக்கியம் என்னையே வீட்டுக்கு அனுப்பும். அதுவும் தெரிந்துதான் எழுதினேன்.

போகாதே என்றால் நீ கேட்க மாட்டாய். ஆனாலும் சொல்கிறேன், போகாதே. சபையில் அவர்கள் பக்கம்தான் ஆள் அதிகம், அடுத்த வாரமே நிறைவேறிவிடும். கணக்கு டீச்சரையும் போகவிடாதே. அவர் அன்றைக்கு உன் வீட்டில் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு வகுத்தல் சொல்லிக்கொடுத்தது கண்ணிலேயே நிற்கிறது.

ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. உன் பள்ளியில் இன்னமும் நீ ஒருத்திதானே? புதிதாக யாரையும் போட்டுவிடவில்லையே? ஏன் கேட்கிறாய் என்று கேட்காதே.

தம்பி


ஜூலை 2
வீடு

தம்பிக்கு,

ஒருத்திதான். இன்னமும் ஒருத்திதான். நீ ஏன் கேட்டாய் என்று இப்போது புரிகிறது.

வேலைநிறுத்தம் இரண்டாவது வாரத்தைக்கூடத் தாண்டவில்லை. சட்டம் நிறைவேறிய செய்தி வந்த மறுநாள் காலையிலேயே பாதிப் பேர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒவ்வொருத்தர் வீட்டிலும் ஒவ்வொரு கஷ்டம். நானும் கணக்கும் இன்னும் சிலரும் கடைசிவரை கல்வி அலுவலகத்து வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். இருந்த ஒரே குடையைக் கணக்கு என் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தாள். வேலைநிறுத்தத்தைக் கைவிடுகிறோம் என்று தலைமையிலிருந்து சேதி வந்ததும் குடையை மடக்கிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு வந்தோம்.

பிறகு உத்தரவுகள் வந்தன. தாமாகவே பணியிலிருந்து விலகியதாகக் கருதப்படுகிறார் என்று ஒவ்வொருத்தர் பெயருக்கும் தனித்தனியாக. கணக்குக்கு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நாளைக்கு வரும் என்று இருந்தேன், வரவில்லை. உன் மாமா தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு, தெருவில் போன தபால்காரரை நிறுத்திக் கேட்டே விட்டார். "டீச்சரம்மாவுக்கு ஒண்ணும் இல்லீங்க, நிம்மதியா இருக்கச் சொல்லுங்க" என்று அவர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று சங்கக் கூட்டம். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள், டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த அறையில் எனக்கு யாரும் மரியாதை கொடுத்ததே கிடையாது தம்பி. "ஏ செயலாளரே, டீக்குச் சொல்லு" என்றுதான் அதட்டுவார்கள். அந்த நாற்காலியில் எனக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கணக்கு மட்டும்தான் வாயைத் திறந்தாள்.

"ஒரே டீச்சர் இருக்கிற ஸ்கூலுக்குச் சட்டம் பொருந்தாதாமே. கடைசியில ஒரு வரி இருக்கு. உனக்குத் தெரியும்தானே?"

"சத்தியமா தெரியாது."

"உன் தம்பி அங்கதானே வேலை பாக்குறான்?"

நான் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டாள். நீ வந்தால் நானும் வருகிறேன் என்று சொல்லி என்னோடு வந்தவள் அவள். நான் மட்டும் கரையில் பத்திரமாக நின்றுகொண்டு அவளை ஆற்றில் இறக்கிவிட்டேன் என்று நினைக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

பத்திரிகையில் படித்தபோது அந்த வரி இல்லை. வரிக்கு வரி படித்தவள் நான். பிறகு எப்போது வந்தது? யார் போட்டது?

அக்கா


ஜூலை 8
அலுவலகம்

அக்கா,

நான்தான் போட்டேன்.

மசோதா சபைக்குப் போன பிறகு அரசுத் தரப்பிலேயே சில திருத்தங்கள் கொண்டுவருவார்கள். அதையும் நாங்கள்தான் எழுதித் தருவோம். உனக்குப் பதில் எழுதிய அன்று சாயங்காலம் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. மேலதிகாரியிடம் போய், "சார், ஒரே டீச்சர் இருக்கிற ஸ்கூல்ல அவங்களும் போயிட்டா ஸ்கூலையே மூடணும். நாளைக்குக் கோர்ட்ல கேள்வி வரும்" என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தார். "நல்ல பாயிண்ட்யா. எழுதிக் குடு" என்றார். 'ஆயினும், ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிகளுக்கு இப்பிரிவு பொருந்தாது.' அவ்வளவுதான் வாக்கியம். சபையில் அமைச்சர் அதைப் படித்தபோது இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்களாம். கருணையுள்ள அரசு என்று யாரோ பேசினார்களாம்.

சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனால் நான் பிள்ளைகளை நினைத்து எழுதவில்லை. உன்னை நினைத்து எழுதினேன்.

இத்தனை வருஷமாக மற்றவர்கள் சொன்னதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். நானாக ஒரு வரி சட்டத்தில் சேர்த்தது இது ஒன்றுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். உனக்கு இது தெரியவே வராது, நீ பாட்டுக்குப் போராடிவிட்டு நீ பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். மற்றவர்கள் வீட்டுக்கெல்லாம் உத்தரவு வந்து உன் வீட்டுக்கு வராமல் இருக்கும் நாள் எப்படி இருக்கும் என்று என் புத்தியில் ஓடவே இல்லை. இந்த அறையில் உட்கார்ந்து எழுதும்போது எல்லாம் அச்சுக்குப் போவதோடு முடிந்துவிடுகிற மாதிரிதான் இருக்கிறது.

யாராவது கேட்டால் தம்பிதான் செய்தான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு. என் பெயர் வெளியே வந்தால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். பரவாயில்லை. பரவாயில்லை என்று எழுதும்போதே கை தயங்குகிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் சொல்.

கூடப் பிறந்தவளைக் காப்பாற்றினது தப்பா அக்கா?

தம்பி


ஜூலை 15
வீடு

தம்பிக்கு,

தப்புதான்.

உன் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதனால் நானே ஆள் பிடித்து ஏற்பாடு செய்துகொண்டேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். முடியவில்லை. செயலாளர் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று தடுக்க ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

கல்வி அலுவலரிடம் போய், "எனக்கும் அந்த உத்தரவைக் குடுங்க சார். நானும்தான் வாசல்ல உக்காந்திருந்தேன், நீங்களே பாத்தீங்க" என்று கேட்டேன்.

"என்னம்மா இது, எல்லாரும் ரத்து பண்ணச் சொல்லி வர்றாங்க, நீங்க கேட்டு வாங்க வந்திருக்கீங்க? சட்டத்துல இடமில்லைம்மா" என்றார். பிறகு மேசை டிராயரைத் திறந்து வேறு ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

அந்த வரியால் விலக்குப் பெற்ற என்னைப் போன்ற ஆசிரியர்கள், விலகியவர்களின் வகுப்புகளை மதியத்தில் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று நினைக்கிறாய்? பெரிய பள்ளிக்கூடம். கணக்கின் வகுப்பு. அவள் நாற்காலி.

"மதியத்துல என் பிள்ளைங்களை யார் பாப்பாங்க சார்?"

"வீட்டுக்கு அனுப்பிடுங்க."

என் பள்ளிக்கூடம் மூடக்கூடாது என்றுதானே அந்த வரி? இப்போது பாதி நாள் மூடித்தான் இருக்கிறது.

முதல் நாள் மதியம் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பஸ் ஏறினேன். பெரிய பள்ளிக்கூடத்து வாசலில்தான் நிற்கும். நின்றது. எனக்கு எழுந்திருக்க வரவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். "ஸ்கூல் ஸ்டாப் போயிடுச்சே டீச்சர்?" என்று கண்டக்டர் கேட்டார். தூங்கிவிட்டேன் என்றேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து, அந்த இடைவெளியில் நின்றுகொண்டாள். உள்ளே அவள் அப்பா யாரென்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் பதில் சொல்லவில்லை. முன்பெல்லாம் என் குரல் கேட்டால் அவரே உள்ளேயிருந்து, "பெரிய டீச்சர் வந்தாச்சு, டீ போடு" என்று சத்தம் போடுவார்.

"உன் கிளாசுக்கு என்னைப் போகச் சொல்றாங்க. நான் போகலை" என்றேன்.

"வகுத்தல் பாதியில நிக்குது. யாராவது முடிச்சாகணும்."

"அப்ப போகட்டுமா?"

"போனா எனக்கு வயிறு எரியும். போகலைன்னா பசங்க நாசமாப் போவாங்க. எதையாவது ஒண்ணைப் பண்ணு. என்கிட்ட வந்து கேக்காதே."

கதவைச் சாத்திவிட்டாள்.

இந்த மதிய வேலை உத்தரவும் உன் அறையிலிருந்துதான் வந்ததா? இரண்டாவதாக, அவளுக்குத் திரும்பி வர ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல். பூட்டினவனிடம்தானே சாவி கேட்க முடியும்.

அக்கா


ஜூலை 20
வீடு, மொட்டைமாடி

அக்கா,

மதிய வேலை நான் எழுதினது இல்லை, கல்வித் துறை எழுதினது. ஆனால் வெளியே போகுமுன் சட்டப்படி சரியா என்று பார்க்க என்னிடம் வந்தது. விலக்குப் பெற்றவர்கள் என்ற வார்த்தையைப் பார்த்ததும் உன் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. உன்னை எந்த வகுப்புக்கு அனுப்புவார்கள் என்றும் தோன்றியது. வேண்டாம் என்று எதிர்க் குறிப்பு எழுத எனக்கு உரிமை உண்டு. எழுதினால் கூப்பிட்டுக் காரணம் கேட்பார்கள், அதற்கு இன்னொரு குறிப்பு எழுத வேண்டும், அது மேலே போய்த் திரும்பி வரும். முதுகு வலி வேறு உயிரை வாங்கியது. பக்கத்தைத் திருப்பி, 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனசறிந்து செய்யவில்லை என்று சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். மனசறிந்துதான் செய்தேன்.

கணக்கு டீச்சர் விஷயம். வழி இருக்கிறது, ஆனால் உடனே இல்லை. விலகியதாகக் கருதப்பட்டவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம். வட்டாரத்துக்கு ஒரு பட்டியல், பழைய பணிக்காலம் அதிகம் உள்ளவர் முதலில். விசாரித்துவிட்டேன், உங்கள் வட்டாரத்தில் முதல் பெயர் அவருடையதுதான். சிக்கல் என்னவென்றால், அவர்கள் விட்டுப்போன இடங்களை ஒரு வருஷத்துக்கு நிரப்பக்கூடாது என்று விதி. பழைய காலியிடங்களும் இதில் சேராது. இனிமேல் யாராவது ஓய்வு பெற்றாலோ ராஜினாமா செய்தாலோ காலியாகும் இடத்துக்குத்தான் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். உங்கள் வட்டாரத்தில் இந்த வருஷம் ஓய்வு பெறுகிறவர் யாரும் இல்லை. ஆகவே ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்.

நீ மதிய வேலைக்குப் போகாமல் பஸ்ஸில் சுற்றிக்கொண்டிருந்தால், அது வேறு விதிப்படி குற்றம். அதற்கு விலக்கு எதுவும் கிடையாது. போய்விடு அக்கா. கண்ணை மூடிக்கொண்டு போய்விடு. ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதுவும் செய்துவிடாதே. ராஜினாமா செய்தவர்கள் அந்தப் பட்டியலில் சேரவும் முடியாது. திரும்பி வரும் வழி விலகியதாகக் கருதப்பட்டவர்களுக்கு மட்டும்தான். அந்த வரியும் என் கையால் எழுதினதுதான், அதனால் நன்றாகத் தெரியும்.

தம்பி


ஆகஸ்ட் 1
அலுவலகம்

அக்கா,

பதில் வரவில்லையே என்று மாமாவுக்குப் போன் போட்டேன். நீ ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டதைச் சொன்னார்.

மாமாவாவது தடுத்திருக்கக் கூடாதா? கேட்டால், "தைக்கக் குடுத்துட்டுப் போனவங்க நடுவுல வந்து அளவை மாத்தச் சொல்லுவாங்க. உங்கக்கா மாத்தச் சொல்ற ஆள் இல்லப்பா" என்கிறார். இதில் ஜோக் வேறு.

நான் கணக்கு டீச்சருக்கு வழி சொன்னேன். உனக்குச் சொல்லவில்லை. நான் எழுதுவதையெல்லாம் எனக்கு எதிராகவே படிப்பது என்று முடிவு செய்துவிட்டாயா? முதலில் உன்னைக் காப்பாற்ற ஒரு வரி எழுதினேன், அதில் உன் சிநேகிதி போனாள். பிறகு உன்னைத் தேற்ற ஒரு கடிதம் எழுதினேன், அதில் உன் வேலை போகிறது. இனிமேல் பேனாவைத் தொடவே பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வரை ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். என்ன எழுத வேண்டும் என்று தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டால் போதும். கெஞ்சிக் கேட்கிறேன். இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.

தம்பி


ஆகஸ்ட் 12
வீடு

தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை போய்விட்டது. நீ அனுப்பின தாள் உன் மாமாவுக்குக் சட்டைக் காலர் அளவு வெட்ட உதவியது. நல்ல கெட்டித் தாள், சர்க்கார் தாள் ஆயிற்றே.

தியாகம் கீகம் என்று எழுதினால் படிக்காமலே கிழித்துவிடுவேன். எனக்கு அலுத்துவிட்டது தம்பி. தினமும் மதியம் அந்தப் பஸ்ஸில் ஏறி இறங்காமல் வருவதற்கு என் உடம்பில் தெம்பில்லை. இறங்கிப் போய் அவள் நாற்காலியில் உட்கார மனசில் தெம்பில்லை. 'நீ வர்றேன்னா நானும் வர்றேன்' என்று சொன்னவளிடம் நான் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். போய்ச் சேர்ந்தேன், அவ்வளவுதான். ராத்திரி படுத்தால் அடுத்த மாசத்தை நினைத்துப் பயம் வருகிறது, அது இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் மாமா சட்டைக்குப் பொத்தான் தைக்கிற வேலையை என் தலையில் கட்டப் பார்க்கிறார்.

ஒரே ஆசிரியர் உள்ள பள்ளி காலியாக இருக்கக் கூடாதல்லவா, உங்கள் ஆட்கள் பறந்துகொண்டு வேலை செய்தார்கள். பட்டியலில் முதல் பெயர் எடுக்கப்பட்டு என் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வந்துவிட்டாள். புது ஆள் என்று எழுதி, அடிமட்டச் சம்பளத்தில்.

பொறுப்பு ஒப்படைக்க நேற்று போனேன். அவள் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தாள். பலகை, மணி, வரைபடம், உடைந்த உலக உருண்டை, எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எந்தச் சுவருக்கு எந்த வகுப்பு என்று காட்டினேன். மூன்றாம் வகுப்பை மட்டும் ஜன்னல் பக்கம் உட்கார வைத்துவிடாதே என்றேன். சரி, வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு பாதித் தூரம் நடந்துவிட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். ஐந்து வகுப்பும் ஒரே நேரத்தில் கத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

"அக்கா!"

திரும்பினேன். வாசலில் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தாள்.

"கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காதே. கோவம் அப்படியேதான் இருக்கு. இந்த அஞ்சையும் ஒருத்தி எப்படிப் பாக்குறதுன்னு மட்டும் காட்டிட்டுப் போ."

காட்டினேன். ஒன்றாம் வகுப்போடு தரையில் உட்கார்ந்து நான் எழுத்துச் சொல்லிக்கொடுக்க, அவள் மற்ற நாலு வகுப்பையும் சுற்றி வந்தாள். மதிய மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினாள். மதிய வேலை உத்தரவு. அவளும் இப்போது விலக்குப் பெற்ற ஆசிரியை அல்லவா? பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய், விலகிப்போன கணக்கு டீச்சரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு நானும். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பிள்ளைகள் பயந்து பார்த்தார்கள். அவள் அழுதுகொண்டே, "வகுத்தலை நானே போய் முடிச்சிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மதியத்தில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இருந்துவிட்டேன். இன்றைக்கும் போனேன். நாளைக்கும் போவேன் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். சம்பளம் வாங்காத ஒருத்தி மதியத்தில் வந்து உட்கார்ந்திருந்தால், உங்கள் சட்டம் அதை ஒரே ஆசிரியர் உள்ள பள்ளி என்றே கருதுமா? இல்லை இரண்டு பேர் என்று எண்ணி, அவளுக்குக் கிடைத்திருக்கிற விலக்கையும் பிடுங்கிக்கொள்ளுமா? நன்றாகப் பார்த்து எழுது. இந்தத் தடவை என்னை நினைத்துக்கொண்டு எழுதாதே.

அக்கா